நட்சத்திரத்துக்குள்ள என்ன இருக்கு? தொடாமலே அளப்பது எப்படி?

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமே 4 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய் மாதிரி எடுத்து வர வழியே இல்லை. ஆனாலும் எந்த நட்சத்திரத்தில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு கால்சியம்னு வானியலாளர்கள் கணக்கு சொல்கிறார்கள். எப்படி?

கருப்புக் கோடுகள்

உப்பு போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலத் தீ மஞ்சளாக மாறுவதைப் பார்த்திருப்பீங்க. அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். இப்படி ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி நிறங்கள் உண்டு.

நட்சத்திரத்தில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளிருந்து வரும் ஒளி, சற்றே குளிர்ந்த வெளி அடுக்கைக் கடக்கும்போது அங்குள்ள அணுக்கள் தங்களுக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் நிறமாலையில் அந்த இடங்களில் கருப்புக் கோடு விழுகிறது. சூரிய ஒளியில் இந்தக் கோடுகளை 1814-ல் விரிவாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர். அவை தனிமங்களின் கைரேகை என்பதை 1859-ல் கிர்க்காஃபும் புன்சனும் கண்டறிந்தனர்.

கோடு பெருசுன்னா அளவும் அதிகமா?

இல்லை. இங்கதான் பலரும் தப்புக் கணக்கு போட்டாங்க. சூரிய நிறமாலையில் கால்சியம் கோடுகள் மிக அழுத்தமாகத் தெரியும். ஆனால் சூரியனில் ஒரு கால்சியம் அணுவுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன.

காரணம், வெப்பநிலை. சூரியப் பரப்பின் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் நிலையில் இருப்பது பல கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான். கால்சியமோ கிட்டத்தட்ட முழுவதும் தயாராக இருக்கிறது.

25 வயதில் சொன்ன விடை

வெப்பநிலைக்கும் அணுக்களின் நிலைக்கும் உள்ள தொடர்பை 1920-ல் சமன்பாடாகத் தந்தவர் இந்தியாவின் மேக்நாத் சாஹா. அதை ஹார்வர்டில் இருந்த நட்சத்திர நிறமாலைகளில் பொருத்திப் பார்த்தார் இங்கிலாந்தில் இருந்து வந்த மாணவி சிசிலியா பெய்ன். நட்சத்திரங்களில் மற்ற தனிமங்களைவிட ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிக மிக அதிகம்னு விடை வந்தது.

பூமியும் சூரியனும் ஒரே கலவைனு நம்பிய காலம் அது. அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது சாத்தியமே இல்லை என்றார். அதனால் 1925-ல் தன் ஆய்வேட்டில், இந்த அளவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று பெய்னே எழுத வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டுகளில் வேறு வழியில் அதே விடைக்கு வந்த ரஸ்ஸல், பெய்ன் சொன்னதோடு அது ஒத்துப்போவதை ஒப்புக்கொண்டார்.

இப்போ எப்படி அளக்கிறாங்க?

* தொலைநோக்கியில் பொருத்திய ஸ்பெக்ட்ரோகிராஃப், ஒளியை நுணுக்கமாகப் பிரிக்கும்.
* நட்சத்திரத்தின் வெப்பநிலை, ஈர்ப்பு விசை இரண்டையும் முதலில் கணிப்பார்கள்.
* அதற்கேற்ற மாதிரி வளிமண்டலத்தைக் கணினியில் உருவாக்கி, கோட்டின் அளவோடு ஒப்பிட்டு அணுக்களின் எண்ணிக்கையைப் பெறுவார்கள்.

இதற்கு அளவுகோல் சூரியன்தான். இரும்பின் மதிப்பு -1 என்றால் சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு. -2 என்றால் நூறில் ஒரு பங்கு. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் இதற்கான கருவி உண்டு.

இதனால என்ன பயன்?

பெருவெடிப்பில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம் மட்டுமே. இரும்பு பின்னர் நட்சத்திரங்களில்தான் உருவானது. அதனால் இரும்பு மிகக் குறைவாக உள்ள நட்சத்திரம், பொதுவாக மிகப் பழமையானது. அதன் கோடுகளைப் படிப்பது, பிரபஞ்சத்தின் இளமைக்காலத்தைப் படிப்பதுதான்.