பனிக்கட்டி மாளிகை ஆசிரியைகள்

சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் அதனால் வந்தது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். நான் இன்று சொல்ல வந்தது அதன் பின்னர் அங்கு வாழ்ந்த இளங் கைம்பெண்களின் வரலாறு; அவர்கள் ஆசிரியைகளான வரலாறு.

அக்காலத்து அந்தணர் குடும்பங்களில் பெண்ணுக்குப் பூப்பெய்துமுன்னரே மணம் முடித்துவிடுவர். கணவன் இறந்தால் மறுமணம் இல்லை. காலையில் புறப்படுகிறவர் எதிரே அச்சிறுமி வந்துவிட்டால் அபசகுனம் என்று வீடு திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் அருந்திவிட்டுப் போவார். அவள் நடமாட்டம் அடுக்களையோடும் கொல்லைப்புறத்தோடும் முடிந்தது.

மயிலாப்பூரில் 1886இல் பிறந்த சுப்புலட்சுமியும் அத்தகைய சிறுமியே. ஆனால் அவருடைய தந்தையார் மகளைப் படிக்க வைத்தார். ஊரார் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. 1911இல் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். சென்னை இராசதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. பின்னர் எல்.டி. பட்டமும் பெற்றார். இன்றைய பி.எட். பட்டத்தின் இடத்தில் அந்நாளில் இருந்தது எல்.டி.

அப்போது சர்க்காருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பெண்களுக்குப் பள்ளி திறக்கலாம். ஆசிரியைகளுக்கு எங்கே போவது? மணமான பெண் குடும்பத்தை விட்டு வரமாட்டாள். ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்கு வளர்ந்த பெண்ணை அனுப்பமாட்டார்கள். கிறிஸ்தவ ஆசிரியைகளிடம் அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலருக்கு அச்சம். ஒருபுறம் வேலைக்கு ஆளில்லை. மறுபுறம் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வாழ வழியின்றி இருந்தனர். சுப்புலட்சுமி அம்மையாரும், பெண் பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த லிஞ்ச் அம்மையாரும் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தனர். 1912இல் எழும்பூரில் சில பெண்களோடு தொடங்கிய இல்லம், பின்னர் ஐஸ் ஹவுஸுக்குச் சென்றது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அம்மையாரே அதன் முதல் தலைவியானார். சர்க்கார் கணக்குப் பார்த்துத்தான் உதவியது. அதனால் உதவி சிறுத்துவிடவில்லை.

அப்பெண்கள் பயிற்சி முடித்துப் பள்ளிகளுக்குச் சென்றனர். எவள் முகத்தில் விழிக்கலாகாது என்றார்களோ, அவள் முகத்தைப் பார்த்துத்தான் இப்போது காலைதோறும் நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லின!

ஆயினும் ஒன்றை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. வேறு குலத்துப் பெண் அங்குத் தங்கிப் படிக்க இயலாது. அப்படிக் கட்டுப்படுத்தியிராவிட்டால் எந்தத் தந்தையும் மகளை அனுப்பியிருக்கமாட்டார் என்பர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விலை கொடுத்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கு, தேவதாசிக் குலத்துச் சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்காமையும் ஒரு காரணமன்றோ?

இதற்கெல்லாம் முன்னரே, 1882இல், புனே நகரத்து ஜோதிராவ் புலே ஹன்டர் கல்விக் குழுவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை இயன்ற அளவு உழுகுடி மக்களிலிருந்தே எடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்களே அம்மக்களோடு கலந்து பழகி அவர்தம் தேவையை அறிவர் என்பது அவர் வாதம்.

இவ்விண்ணப்பத்தை நான் ஓய்வு பெற்ற பின்னரே படித்தேன். படித்ததும் ஏட்டை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு. 1983இல் இராமநாதபுரம் பகுதியில் நான் பயிற்சி மாணவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். நீர்ப்பாசனப் பாடம் நடத்துகையில், புத்தகத்தில் 'ஏரி' என்றிருந்ததை விளக்க, 'நம்மூர்க் கம்மாய்தான்' என்றேன். கடைசி வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேற்பார்வையிட வந்த விரிவுரையாளர் என் பாடக்குறிப்பேட்டில் 'கொச்சை நீக்குக' என்று எழுதினார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

நான் தலைமையாசிரியரான பின்னர், கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்தார். பருவக்காற்றைப் பற்றிச் சொல்லும்போது மேல்காற்றைக் 'கச்சான்' என்றார். மீனவப் பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்து, அது எந்த மாதத்தில் வீசும் என்று தாமே சொல்லத் தொடங்கினர். நான் வகுப்பின் பின்னே அமர்ந்து அவருடைய ஏட்டில் எழுதினேன், அதே இரண்டு சொற்களை. அவர் படித்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றார். மறுநாள் முதல் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினார்.