காரீயமும் கசடும்: செராம்பூர் அச்சகத்தில் தமிழ் எழுத்து வார்ப்பு

கொல்கத்தாத் தமிழர் என்றவுடன் பாலிகஞ்சும் அதனை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரமுமே நினைவுக்கு வருகின்றன. அக்குடியிருப்புகள் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தவை. அவற்றுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, நகருக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் மேற்கரையிலுள்ள செராம்பூரில் தமிழ் எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டன. தமிழ் அச்சு வரலாற்றை எழுதியோர் நூலையும் நூலாசிரியரையும் விரிவாகப் பேசிய அளவிற்கு எழுத்து பிறந்த உருக்குப் பானையைப் பேசியதில்லை. அப்பானையில் சேர்ந்த கசடும் அச்சு வரலாற்றின் ஒரு பகுதியே.

அச்செழுத்து தனிக் காரீயத்தால் ஆனதன்று. காரீயம் மென்மையானது, அச்சுப்பொறியின் அழுத்தத்தில் விரைவில் மழுங்கும். ஆகவே கடினத்திற்கு ஆன்டிமனியும், நுண்ணிய பள்ளங்களிலும் உலோகம் ஓடி நிரம்புவதற்கு வெள்ளீயமும் கலக்கப்பட்டன. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். இக்கலவையோ அதனினும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். உருகிய உலோகத்தின் மேற்பரப்பில் காற்றுப்பட்டுக் கசடு படியும். அதனை வழித்து எறிந்தால் விலைமிகுந்த வெள்ளீயமும் உடன்போகும். மெழுகையோ கொழுப்பையோ இட்டுக் கிளறினால் நல்ல உலோகம் ஓரளவு மீண்டு பானையில் சேரும். எஞ்சிய கரிய பொடியே கழிவு. வழிக்கப்படாத கசடு அகப்பையின் விளிம்பிலும் வார்ப்பச்சின் வாயிலும் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கும். தமிழில் சுழியும் கொம்பும் மிகுதி. உலோகம் தூய்மையாகவும் போதிய சூட்டுடனும் இல்லையெனில் முதலில் சிதைவன அவையே.

பிற்கால இயந்திரங்களிலும் இத்தொல்லை நீங்கவில்லை. 1935இல் ஆனந்தபஜார் பத்திரிகையின் சுரேஷ் சந்திர மஜும்தார் முயற்சியால் வங்காள லைனோடைப் நடைமுறைக்கு வந்தது. லைனோடைப்பில் பானையிலிருந்து உலோகம் ஒரு குறுகிய கழுத்தின் வழியே தள்ளப்படும். அக்கழுத்து சூடு குறைந்தால் அடைபடும். உந்துதண்டைச் சுற்றிக் கசடு சேர்ந்தாலும் அடைபடும். தண்டை நாள்தோறும் எடுத்துத் துலக்குவது அச்சகங்களில் கட்டாயப் பணியாயிற்று. ஈரம்பட்ட உலோகத்தைப் பானையில் இட்டால் நீராவி வெடித்து ஈயம் தெறிக்கும் என்பதையும் தொழிலாளர் அறிந்திருந்தனர்.

உலோகத்தின் அருமையைத் தரங்கம்பாடி வரலாறு நன்கு காட்டும். 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியன, தாளை விழுங்கின. அங்கிருந்த ஆட்லர் சிறிய எழுத்துகளை வார்த்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகள் மூலப்பொருளாயின என்பர். உறை ஈயம் மென்மையானது. அதனைக் கொண்டு எழுத்து வார்த்தது எத்துணைப் பெரிய இடர்ப்பாடு என்பதைச் செய்தி கூறுவோர் ஏனோ நகைச்சுவையாகவே கடந்துவிடுகின்றனர்.

செராம்பூரில் நேர்ந்த சோதனை இதனினும் கடுமையானது. 1812 மார்ச் 11 மாலையில் அச்சகம் தீப்பற்றியது. வில்லியம் கேரி அன்று கொல்கத்தாவில் இருந்தார். வார்டும் மார்ஷ்மனும் கதவுகளை அடைத்துக் கூரைவழியே நீர் ஊற்றிப் போராடினர். தீ வென்றது. தாளும் கையெழுத்துப் படிகளும் கீழை மொழிகள் பலவற்றின் எழுத்துகளும் அழிந்தன. தமிழ் எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். கேரி தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் போயிற்று.

ஆயினும் இடிபாடுகளில் எஃகாலான பஞ்சுகள் பழுதின்றிக் கிடைத்தன. பஞ்சு என்பது எழுத்தின் வடிவம் முனையில் செதுக்கப்பட்ட எஃகுக்கோல். அதனைச் செம்பில் அடித்தே தாயச்சு செய்வர். இதனைத் தெய்வச் செயல் என்று பாதிரிமார் கருதினர். உலோகவியல் நோக்கில் காரணம் எளிது. எழுத்தை உருக்கிய வெப்பம் எஃகை உருக்கப் போதாது. வடிவம் எஃகில் தங்கியது. பொருள் மட்டும் தரையில் ஓடிக் கட்டியாயிற்று. மூன்று டன்னுக்கு மேற்பட்ட அவ்வுலோகத்தைத் தோண்டியெடுத்து மீண்டும் உருக்கினர்.

இங்கேதான் பானையின் கதை முதன்மை பெறுகிறது. எரிந்த கட்டடத்திலிருந்து எடுத்த ஈயத்தில் சாம்பலும் மண்ணும் செங்கற்பொடியும் கலந்திருக்கும். பன்மொழி எழுத்துகள் ஒன்றாய் உருகியதால் கலவையின் அளவும் தெரியாது. தீயில் வெள்ளீயத்தில் ஒரு பகுதி எரிந்தும் போயிருக்கும். அதனை மீள மீள உருக்கிக் கசடு நீக்கிய பின்னரே தாயச்சில் ஊற்ற இயலும். வார்ப்பவர் அகப்பையால் ஊற்றிய கணமே கையிலுள்ள அச்சை மேல்நோக்கி வெட்டி உதறுவார். உலோகம் சுழியின் நுனிவரை பாய்வது அவ்வுதறலால்தான். ஓர் எழுத்துக்கு ஓர் உதறல். இரவு பகலாக முறைவைத்து இப்பணி நடந்தது. புகையிலும் ஈயத்தூளிலும் நின்றவர்களின் உடல்நலம் பற்றிய கவலையைச் சமயப்பணி வரலாறுகளில் காண்பது அரிது.

அவ்வார்ப்பகத்தின் கைத்திறன் ஒரு குடும்பத்திலிருந்து வந்தது. 1778இல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணத்திற்காக வில்கின்சுடன் எழுத்து செதுக்கிய பஞ்சானன் கர்மாகர் பின்னர்ச் செராம்பூர் சேர்ந்தார். அவருக்குப்பின் மருகர் மனோகர் பல்லாண்டு அப்பணியைத் தொடர்ந்தார். கர்மாகர் என்பது கொல்லரைக் குறிக்கும் பெயர். 1813இல் செராம்பூரில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதனை மொழிபெயர்த்த பப்ரிசியசின் பெயரைத் தமிழ் உரைநடை வரலாறுகள் தவறாது குறிக்கின்றன. மனோகரின் பெயர் வங்காள அச்சு வரலாற்றிலேயே நின்றுவிட்டது.