கூரையில் வெயில், வீட்டில் இருள்

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களுக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய் அருமையாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்த விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஊரார் வானொலி கேட்டனர். அக்கைத்திறனை வியப்போர் பலர்; அதைத் திணித்த தடையைப் பேசுவோர் சிலரே.

பின்னர் அயலூரான சுன்னாகத்தில் எண்ணெயால் மின்சாரம் பிறந்தது. 2013 இல் தேசிய மின்வலையோடும் இணைந்தோம். ஆனால், அங்கே கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் கெட்டன. தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. யாருடைய ஒளிக்கு யாருடைய குடிநீர் விலை?

புகையும் எண்ணெயுமற்ற சூரிய மின்சாரத்தைக் கூரைகளில் பரப்பும் திட்டத்தை அரசு 2016 இல் தொடங்கிற்று. எனினும் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, சூரியத் தகடு பதித்த வீடுகளிலும் நண்பகலில் மின்விசிறி நின்றது! வலையை மட்டும் நம்பிய இன்வேர்ட்டர், வலை ஓய்ந்தால் தானும் ஓயும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிர்காக்கும் ஏற்பாடு அது, குறை கூறுவதற்கில்லை. பற்றரி பூட்டிய கலப்பு இன்வேர்ட்டரோ வீட்டை வலையிலிருந்து பிரித்துவிட்டு, பகலில் சேமித்ததை இரவில் வழங்கும். அதன் விலை தோட்டக் கூலியாளுக்கு எட்டுமா?

எழுவைதீவில் வெயில், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் பிணைத்து ஊருக்கே பொதுவான மின்னிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தனித்தனிக் கூரைகளை எண்ணும் நம்மூரில், வாசிகசாலைக் கூரையிலாவது ஒரு பொதுப் பற்றரிக்கு இடம் கேட்போம்.