தகரக் கூரையும் ஈயத் தாளும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையில் லுணுகலைப் பகுதியின் தோட்டங்களை நோக்குவோர் முதலிற் காண்பது பசிய தேயிலையை. அடுத்துக் காண்பது லயங்களின் தகரக் கூரைகளை. தகரமென்று வழக்கிற் சொன்னாலும், அது இரும்புத் தகட்டின்மேல் நாகம் பூசியதேயாகும். 1837ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சோரல் என்பவர் உரிமம் பெற்ற முறை அது. மலைநாட்டு மழை இரும்பை அரித்துவிடாமற் காப்பது அந்த மெல்லிய பூச்சுத்தான். அதன் கீழ் வாழ்ந்தோர் பகலில் வெப்பத்தையும் இரவிற் குளிரையும் தாங்கியது வேறு கதை.

மற்றோர் உலோகமும் தோட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அலுமினியத் தாள் புழக்கத்துக்கு வருமுன்னர், தேயிலைப் பெட்டியின் உட்புறத்தை ஈயத் தாளினால் மூடி, மூட்டுக்களைப் பற்றவைத்தே கப்பலேற்றினர். கடற்காற்றின் ஈரம் தேயிலையின் மணத்தைக் கெடுக்காதிருப்பதற்கு அதுவே காவல். ஆக, இரு உலோகங்களும் கடல் கடந்து வந்து மலையேறின. ஒன்று கூரையில் நின்றது, மற்றொன்று பெட்டியோடு திரும்பிச் சென்றது.

நாகமும் ஈயமும் பெரும்பாலும் ஒரே பாறையில், கந்தகத்தோடு சேர்ந்த தாதுக்களாகக் கலந்து கிடப்பவை. இவற்றைத் தேடிய வரலாற்றில் முதலிடம் பெறத் தக்கது இராசத்தானத்தில், உதயப்பூருக்குத் தெற்கேயுள்ள சாவர். அங்குள்ள பழஞ்சுரங்கங்களிற் கிடைத்த மரத்தாங்கிகளை ஆராய்ந்தோர், அவற்றுட் சில இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று கண்டனர்.

ஈயத்தை உருக்குதல் எளிது. நாகத்தைப் பிரித்தெடுத்தல் அரிது. நாகம் 907 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அது பிரிவதற்கோ அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். திறந்த உலையில் இட்டால் உலோகம் புகையாய் மறைந்துபோகும். சாவர்க் கம்மியர் இதற்குக் கண்ட வழி வியக்கத் தக்கது. கத்தரிக்காய் வடிவிலான மண் மூசைகளிலே தாதுவை அடைத்து, அவற்றைத் தலைகீழாய் உலையில் அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிர்ந்த கலத்திற் பிடித்தனர். ஓர் உலையில் 36 மூசைகள். பிரிஸ்டல் நகரத்துச் சாம்பியன் இங்கிலாந்தில் இவ்வகை முறைக்கு உரிமம் பெற்ற ஆண்டு 1738. சாவரில் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே இத்தொழில் பெருமளவில் நடந்துகொண்டிருந்தது. பயன்பட்டுத் தீர்ந்த மூசைகளைக் கொண்டே அத்தொழிலாளர் தம் வீட்டுச் சுவர்களை எழுப்பினர். அச்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. எழுப்பியவர் பெயர்களை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போரும் பஞ்சமும் மேவாரை வாட்டவே உலைகள் அணைந்தன. பின்னர், இருபதாம் நூற்றாண்டிலே சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. 1966இல் இந்துஸ்தான் சிங்க் என்னும் அரச நிறுவனம் அமைந்து அப்பணியை ஏற்றது. 1977இல் இராசத்தானத்தின் அகூச்சாவிலே புதிய படிவொன்று வெளிப்பட்டது. புதியது என்பதும் ஒரு வகையிற் பொருந்தாது. ஈயமும் வெள்ளியும் நாடி முன்னோர் தோண்டிய குழிகளும், அவர்கள் ஒதுக்கிய கசடும் அங்கே முன்னமே கிடந்தன. துளைக் கருவி சென்றது அவர்கள் அடியைப் பின்பற்றியே. இன்று உலகின் மிகப் பெரிய நாகச் சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்குகின்றது.

துளையிடுதல் என்பது கிணறு தோண்டுவது போன்றதன்று. வைரம் பதித்த வளைய முனையைக் குழாயின் நுனியிற் பொருத்திச் சுழற்றுவர். வெப்பந் தணிய நீர் பாய்ச்சுவர். வளையத்தின் நடுவே அறுபடாது நிற்கும் பாறை, நீண்ட உருளையாய் மேலே வரும். அதனை ஆழக் குறிப்போடு பெட்டியில் வரிசையாக அடுக்கி, நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறுபாதியைப் பேணுவர். ஒரு துளை தன் வழியிலுள்ளதை மட்டுமே சொல்லும். ஆதலின் பத்தும் நூறுமாய்த் துளைகளிட்டே படிவின் நீளத்தையும் சரிவையும் கணிப்பர். வெறுமையாய் வந்த துளையும் எல்லையைக் காட்டுவதால் வீணன்று.

இலங்கையில் அரசினர் கனிப்பொருள் அளவை 1903 முதல் 1906 வரை ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் நடைபெற்றது. கலை வரலாற்றறிஞராகப் பின்னாளில் உலகம் போற்றிய அவர், அந்நாளிற் சுத்தியலோடு மலையேறிய புவிச்சரிதவியலாளர். அக்காலத்து நாட்டின் பெருஞ்சுரங்கத் தொழில் காரீயம். பழந்தமிழில் ஈயத்தைக் குறித்த அப்பெயர், ஈயமே இல்லாத பென்சிற் கரிக்கு வாய்த்தது வேடிக்கைதான். மேனாட்டாரும் இலத்தீன் மொழியின் ஈயப் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தனர்.

லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்குபவர், அறியாமலே பழைய எல்லையொன்றை நெருங்குகின்றார். உயர்நிலப் பாறைத் தொகுதியும் கிழக்கே விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் கோடு அது. மகாஓயாவின் வெந்நீரூற்றுக்கள் அதனை ஒட்டியே கொப்புளிக்கின்றன. அக்கோட்டின் வடபால், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில், 1971இலே செம்புத் தாது காந்தக்கல்லோடு கலந்து காணப்பட்டது. நாகமன்று, ஈயமுமன்று, எனினும் இத்தீவிற் செம்பு நாடித் துளையிட்ட வரலாற்றில் அதுவே தலையாயது. அங்கே துளைகள் இடப்பட்டன; உருளைக் கற்கள் வெளிவந்தன. 1983 முதல் 2009 வரை நாட்டை எரித்த யுத்தம் அப்பகுதியையும் விட்டுவைக்கவில்லை.

லுணுகலையின் கூரைகளுக்கு வேண்டிய நாகம் இன்றும் கப்பலில்தான் வருகின்றது.