இடங்கொடுக்கும் கட்டடங்கள்

பெங்களூரில் அல்சூரை ஒட்டியுள்ள ஜோகுபாளையம் போன்ற பேட்டைகளில் வாழும் தமிழருக்குப் பந்தல் புதிதன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டு நிறுவிய பின்னர், ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள், திருமணத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வீட்டு வாயில் முன்னிருந்த குறுகிய தெருவையே மண்டபமாக்கிக் கொண்டனர். கால் நட்டுக் கீற்று வேய்ந்த அளவில் தெரு மண்டபமாகும். மறுநாள் கயிற்றை அவிழ்த்தால் மண்டபம் மீண்டும் தெருவாகும். வீட்டுச் சுவருக்கோ ஊறு ஒன்றுமில்லை. நிலைத்து நிற்பது எது, வந்து போவது எது என்னும் பாகுபாட்டைப் பந்தற்காரர் நன்கறிவர். இக்காலக் கலைக்குக் காட்சிச் சாலை அமைப்போர் பெரும்பொருள் செலவிட்டுக் கற்று வருவதும் அப்பாகுபாட்டையே.

முற்காலத்து ஓவியச் சாலைக்கு இக்கவலை அவ்வளவாக இருந்ததில்லை. சென்னை எழும்பூரில் ஹென்றி இர்வின் திட்டப்படி எழுந்து 1909-இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபத்தை, பின்னாளில் தேசியக் கலைக்கூடம் எனப் பெயர் பெற்ற அச்செந்நிறக் கட்டடத்தை, நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். சட்டமிட்ட ஓவியம் சுவரில் தொங்கும். சிலை பீடத்தில் நிற்கும். கட்டடம் அசையாதிருந்தாற் போதும். இன்றைய கலைஞரோ ஒரு மாதம் தரை முழுதும் மண்ணைப் பரப்புவார். மறுமாதம் வேறொருவர் இருட்டறையில் திரைப்படம் ஓட்டுவார். காகிதத்தில் தீட்டிய சித்திரத்துக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் வெளிச்சம் ஆகாது. எண்ணெய் வண்ண ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். எனவே சுவரும் நகரவேண்டும்; விளக்கும் நகரவேண்டும்; இவற்றுக்கு வேண்டிய மின்கம்பியோ எங்கும் இருந்தும் கண்ணிற் படாதிருக்க வேண்டும்.

இத்தகைய தேவை ஒரு பழைய வீட்டின்மேல் வந்து விழுந்தால் என்ன செய்வது? பெங்களூர் அரண்மனைச் சாலையில் உள்ள மாணிக்கவேலு மாளிகை இதற்கு விடை கூறுகிறது. மைசூர் இளவரசரிடமிருந்து அதனை வாங்கியவர் ராஜா மாணிக்கவேலு முதலியார். எளிய குடும்பத்திற் பிறந்து, மாங்கனீசு, குரோமியச் சுரங்கத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். அவர் குடும்பத்தார் சில ஆண்டுகளே அதில் வாழ்ந்தனர். பின்னர் மாளிகை ஏலத்துக்கு வந்தது. 1960-களில் நகர அபிவிருத்திக் குழுமம் அதனைக் கைக்கொண்டது. அதன்பின் அது வீட்டுவசதி வாரியத்துக்குச் சென்றது. செல்வம் நிலையாது என்று புலவர்கள் பாடியது இருக்கட்டும். வீட்டுக்கு உடையவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் தேசிய நவீனக் கலைக்கூடம் அமைப்பதற்காக மத்திய பண்பாட்டு அமைச்சகத்துக்கு அது குத்தகைக்கு விடப்பட்டது. மறு ஆண்டில் கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மனின் நிறுவனத்திடம் புதுப்பிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 2009 பிப்ரவரி 18 அன்று கூடம் திறக்கப்பட்டது. தில்லி, மும்பை ஆகியவற்றுக்கு அடுத்தபடி இது மூன்றாவது.

குடும்பம் வாழக் கட்டிய வீட்டில் அறைகள் அறைகளாகவே இருக்கும். பேருருவம் கொண்ட படைப்பு ஒன்றை உள்ளே வைக்கவேண்டுமெனில் நடுச்சுவரை இடித்தாகவேண்டும். கட்டடக் கலைஞர் இடிக்கவில்லை. பழைய மாளிகையை அதன் அளவிலேயே விட்டுவிட்டு, அருகில் 1,260 சதுர மீட்டர், ஏறத்தாழ 13,500 சதுர அடிப் பரப்பில் புதிய கூடத்தை எழுப்பினார். இரண்டுக்கும் இடையே நீர்நிலை, சுற்றிலும் மரங்கள். சிற்றளவுச் சித்திரம் வீட்டின் அறைக்குப் பொருந்தும். அறைக்கு அடங்காத படைப்புக்குப் புதுக்கூடம் உண்டு. பந்தற்காரரின் நியாயமே இது. தெருவை மாற்றாமல், தெருவுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

மும்பையில் நடந்தது வேறு. ஜார்ஜ் விட்டெட் வகுத்த திட்டப்படி 1911-இல் கட்டிய கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் இசையரங்குக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பெயர் பெற்றது. காலம் மாறிப் புதிய அரங்குகள் தோன்றவே, குத்துச்சண்டைக்கும் திருமண வரவேற்புக்கும் தோல் ஆடை விற்பனைக்குங்கூட அது வாடகைக்கு விடப்பட்டது. யோசித்துப் பார்த்தால், எதற்கும் இடங்கொடுக்கும் கட்டடம் என்பது அந்நாளில் அதுவேயன்றோ! கட்டடக் கலைஞர் ரோமி கோஸ்லாவின் திட்டப்படி, பன்னிரண்டு ஆண்டு வேலைக்குப்பின் 1996-இல் அது கலைக்கூடமாயிற்று. வெளித்தோற்றத்தைக் காத்து, உள்ளிருந்த வெற்றிடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அரைவட்டத் தளங்களால் நிரப்பினார்கள். படியேறிச் செல்பவருக்கு அது வியப்பூட்டும் காட்சிதான். ஆனால் அங்கே மீண்டும் ஒரு கச்சேரி நடத்தவேண்டுமெனில் தளங்களைப் பெயர்த்தாக வேண்டும். பெங்களூர் முறையே சிறந்தது என்பது என் கருத்து; எனினும் பெங்களூரில் மாளிகையைச் சூழ்ந்து தோட்டம் இருந்தது, மும்பை மண்டபத்துக்கு அத்தகைய வசதி இல்லை என்பதையும் மறுப்பதற்கில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதையும் பெங்களூரிலேயே செய்து பார்த்தார்கள். அரண்மனைச் சாலையில் கலைக்கூடம் திறந்த அதே 2009-இல், ஃப்ரீமன் மர்ரே என்பவரும் கலைஞர் அர்ச்சனா பிரசாதும் 'ஜாகா' என்றோர் இடத்தை அமைத்தனர். இடம் என்பதே அச்சொல்லின் பொருள். நம் வழக்கிலுள்ள 'ஜாகை'யும் அதன் உறவே. மனையைத் தந்தவர், மாளிகையைப் புதுப்பித்த அதே நரேஷ் நரசிம்மன். சரக்குக் கிடங்குகளில் மூட்டையும் பெட்டியும் அடுக்குவதற்குரிய இரும்பு அடுக்குச் சட்டங்களைப் பூட்டியே அக்கட்டடத்தை எழுப்பினர். செங்கல்லும் சாந்தும் கொண்ட சுவர் அதற்குத் தேவைப்படவில்லை. சட்டங்களின் குறுக்குத் துண்டை மேலேற்றினால் கூரை உயரும். இரண்டு சட்டம் சேர்த்தால் அறை நீளும். மனை இரவல், ஆதலால் நிலையாகத் தங்குவோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. இடம் மாறவேண்டிய காலம் வந்தபோது கட்டடத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, நகரின் வேறொரு சாலையில் மறுபடி பூட்டினார்கள்.