ஐப்பசி விசுவும் கூதிர்ப் பருவமும்

பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாளை நம் முன்னோர் விசு என்றனர். சித்திரை விசு, ஐப்பசி விசு என அஃது ஆண்டில் இருமுறை வரும். இவற்றுள் பின்னதை மேலைநாட்டார் இலையுதிர் காலத்தின் தொடக்கமாகக் கொள்வர். தமிழகத்தில் அதனை அடுத்து வருவது மழையும் குளிரும் உடைய கூதிரே. இவ்விரண்டற்கும் உள்ள தொடர்பை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியர் கூதிரைக் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூறினாரேயன்றி, அதற்குரிய திங்கள்களைக் கூறினாரல்லர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என வரையறுத்தவர் நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியரே. அவ்வரையறை சங்கப் பாடல்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பதே வினா.

ஐப்பசி விசு பெயரளவில் ஐப்பசிப் பிறப்பாகும். அஃது அக்டோபர் 17 அல்லது 18-இல் வருகின்றது. ஆயின், பகலிரவு ஒத்த நாள் செப்டம்பர் 22 அல்லது 23, அதாவது புரட்டாசி 6 அல்லது 7 ஆகும். இடைவெளி ஏறத்தாழ 25 நாள். பஞ்சாங்க ஆண்டு விண்மீனைப் பற்றியது. பருவ ஆண்டு விசுவைப் பற்றியது. சூரிய சித்தாந்தக் கணக்கின்படி முன்னது ஏறத்தாழ 24 நிமிடம் மிகுதி. ஆகலின் 60 ஆண்டிற்கு ஒரு நாள் விலகும். பின்னோக்கிக் கணக்கிடின், கி.பி. 500-ஐ ஒட்டி இரண்டும் ஒன்றியிருந்தன எனலாம்.

இதற்கு மந்தைவெளியை அடுத்த மயிலாப்பூரே சான்று தருகின்றது. ஏழாம் நூற்றாண்டினராகிய சம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் ஐப்பசி ஓண விழாவைக் குறித்துள்ளார். அவர் காலத்தில் ஐப்பசிப் பிறப்பு மெய்யான விசுவிற்கு இரண்டு மூன்று நாளே பிற்பட்டிருந்தது. இன்று அது மூன்று வாரத்திற்கு மேலும் பிந்திவிட்டது. நச்சினார்க்கினியர் வாழ்ந்த பதினான்காம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு இரு வார அளவினது.

வடகிழக்குப் பருவமழை இந்நாளில் சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகின்றது; அஃது ஐப்பசித் தொடக்கமே. மழையின் இயல்பு மாறவில்லை எனக் கொள்ளின், சம்பந்தர் காலத்தில் அது ஐப்பசியின் பிற்பகுதியிலேயே தொடங்கியிருத்தல் வேண்டும். எனவே உரையாசிரியரின் வரையறை அவர்தம் காலத்திற்கும் நம் காலத்திற்கும் பொருந்துமளவு முற்காலத்திற்குப் பொருந்தாது.

இவ்வழுவை நீக்கவே, 1952-இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு விசுவை அடிப்படையாகக் கொண்டது. 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் ஆசுவின மாதம் செப்டம்பர் 23-இல் பிறக்கின்றது.

ஆகவே நெடுநல்வாடை காட்டும் கூதிரை இற்றைத் திங்கட் பெயர்கொண்டு அளத்தல் பிழையாம். பெயர் நகரும், விசு பருவத்தோடு நிற்கும். காலம் வரையறுக்கப் புகும் ஆய்வாளர் விசுவினின்று எண்ணுதலே முறையாகும்.