இரண்டு பெயரில் பிடிபட்ட புரதம்

புற்றுக்கட்டி வந்த கினிப் பன்றிகளின் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரில்தான் அது முதலில் அகப்பட்டது. 1983இல் பாஸ்டனில் டொனால்ட் செங்கர், ஹரால்ட் டுவோராக் குழுவினர், ரத்தக்குழாய்களைக் கசியவைக்கும் புரதம் என்று அதை அடையாளம் கண்டார்கள். கசியவைப்பதில் அது ஹிஸ்டமினைவிடப் பல ஆயிரம் மடங்கு வீரியமானது.

1989இல் கலிஃபோர்னியாவில், ஜெனன்டெக் நிறுவனத்தின் நெப்போலியோனே ஃபெராரா தேடியது வேறொன்றை. மாட்டின் பிட்யூட்டரிச் செல்கள் சுரந்த ஏதோ ஒன்று, ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களைப் பெருகவைத்தது. அதைப் பிரித்தெடுத்து விஇஜிஎஃப் என்று பெயரிட்டார். மரபணு வரிசையை வாசித்த பிறகுதான், பாஸ்டன்காரர்களின் கசிவுப் புரதமும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது.

இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971லேயே எழுதியிருந்தார். புதுக் குழாய்கள் வந்து சேராவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும் என்பது அவர் வாதம். கட்டியைச் சுற்றிப் படரும் குழாய்கள் வெறும் அழற்சி என்று சொல்லிப் பலர் அதைத் தள்ளிவிட்டார்கள்.

சரி, இதைச் சுரக்கச் சொல்வது யார்? 1992இல் ஜெருசலேமில் எலி கேஷெத் குழுவினர் மூளைக் கட்டிகளில் விடை கண்டார்கள். செத்துப்போன பகுதியின் ஓரத்தில், ஆக்ஸிஜன் எட்டாமல் தவிக்கும் செல்களில்தான் சுரப்பு மிகுந்திருந்தது. அதன் பின்னணி இன்னும் சுவையானது. ஹிஃப் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது. ஆக்ஸிஜன் இருக்கும்வரை ஒரு நொதி அதில் ஓர் அடையாளத்தைப் பொருத்த, விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. ஹிஃப் பிழைத்து, விஇஜிஎஃப் மரபணுவை முடுக்கிவிடும். தயாரித்துத் தயாரித்து அழிப்பது ஊதாரித்தனம்போலத் தெரியலாம். ஆனால் நெருக்கடி வரும்போது புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்க நேரமேது? இந்த ஏற்பாட்டைத் துலக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது.

விஇஜிஎஃப்பை மடக்கும் பெவாசிசுமேப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. கீமோதெரபியோடு சேர்த்துத் தந்த ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. குழாய்களைத் தடுத்துக் கட்டியை நிறுத்தலாம் என்ற ஃபோக்மனின் கனவுக்கு இது சிறிய பலன்தான். மார்பகப் புற்றுக்குத் தந்த அனுமதியோ 2011இல் திரும்பப் பெறப்பட்டது. என் கணக்கில் இந்த ஆராய்ச்சியின் பெரிய வெற்றி கண்ணில்தான். விழித்திரைக்கு அடியில் கசியும் குழாய்கள் முதுமையில் பார்வையைப் பறிக்கின்றன. விஇஜிஎஃப்பையே மடக்கும், கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமேப் 2006இல் கிடைத்தது, விலையோ எக்கச்சக்கம். மருத்துவர்கள் பெவாசிசுமேப்பைத் துளித்துளியாகப் பிரித்துக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

எதிர்த்திசையிலும் முயன்றார்கள். ரத்தம் போதாத இதயத்துக்கு விஇஜிஎஃப்பையே செலுத்திப் பார்த்த ஆய்வில், 60ஆம் நாளில் நோயாளிகளின் நடைத்திறன் போலிமருந்து பெற்றவர்களைவிடக் கூடவில்லை. இந்தப் புரதம் தனியாக எழுப்பும் குழாய்கள் கசியும். அவை நிலைத்து நிற்க, சுவரைத் தாங்கும் செல்களும் அவற்றை அழைக்கும் வேறு சமிக்ஞைகளும் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும்.